ஆறு ராணிகளும் ஒரு பிடி வறுத்த பயறும்

காரின் பின் சீட்டில் அன்று காலை ஒரு ஈரத் திட்டு இருந்தது. உள்ளங்கை அகலம். விடிய விடிய இடுப்பில் ஈரத்துணி கட்டியிருந்த சின்னம்மா வந்து உட்கார்ந்த இடம் அது. வீட்டுக்கு வந்து எல்லோரும் இறங்கிப் போன பிறகும் காயவில்லை. சீட்டைத் துடைப்பது என் வேலை. அன்று துடைக்கவில்லை. கதவைத் திறந்துவிட்டு, வெயில் பட்டுத் தானாகக் காயட்டும் என்று பக்கத்தில் நின்றேன். அந்தத் துணியில் கட்டியிருந்தது ஒரு பிடிப் பயறு. அந்தப் பயறு என்ன சொல்லும் என்பதில்தான் அவர் உயிரே இருந்தது.

காஞ்சிபுரத்தில் பட்டுச் சேலை வியாபாரம் செய்யும் ஒரு முதலாளியிடம் நான் கார் ஓட்டுகிறேன். எட்டாவதோடு படிப்பு நின்றுவிட்டது. அப்பா அடுத்தவர் கழனியில் கூலி. நான் கையில் ஸ்டியரிங் பிடித்தவன். அந்த வீட்டில் நாலே பேர். முதலாளியின் தாயார் பெரியம்மா. முதலாளி. அவர் மனைவி சின்னம்மா. அவர்கள் மகள் பாப்பா. ஊர் முழுக்கத் தறிக்காரர்கள் நெய்து கொண்டுவரும் சேலையைப் பிரித்துப் பார்த்து நல்லது கெட்டது சொல்வது பெரியம்மாதான். கடை முதலாளி பேரில், பேச்சு பெரியம்மா பேரில். நாலு பெண்ணுக்குப் பிறகு பிறந்த ஒரே பையன் முதலாளி. அதிகம் பேச மாட்டார். அதை நல்ல குணம் என்று நான் நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சின்னம்மா காலேஜில் சரித்திரம் படித்தவர். கல்யாணம் ஆனதும் அந்தப் படிப்புக்கு வேலை இல்லாமல் போயிற்று. மீதி இருந்தது கார்தான். காலையில் பாப்பாவைப் பள்ளிக்கூடத்தில் விடப் போகும்போது கதை சொல்வார். முன்சீட்டில் நான் இருப்பதை இரண்டு பேரும் மறந்துவிடுவார்கள். அப்படித்தான் எனக்கு அந்த இங்கிலீஷ் ராஜா தெரிந்தான். நானூறு ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் இருந்தவன். பையன் வேண்டும், பையன் வேண்டும் என்று ஆறு பேரைக் கட்டினவன். ராணி என்றால் பட்டுமெத்தை, பல்லக்கு என்று நினைத்திருந்தேன். சின்னம்மா சொன்ன ராணிகளுக்கு மெத்தை இருந்தது, தூக்கம் இல்லை. பிரசவத்துக்கு ஒரு மாசம் முன்னாலேயே அவர்களை ஓர் அறையில் வைத்து, ஜன்னலுக்கெல்லாம் திரை போட்டு, வெளிச்சம் காற்று வராமல் அடைத்துவிடுவார்களாம். வெளியே எல்லோரும் காத்திருப்பார்கள். உள்ளே இருப்பவள் எப்படி இருக்கிறாள் என்பதற்காக இல்லை. என்ன பிறக்கிறது என்பதற்காக.

முதல் ராணிக்குப் பிள்ளைகள் பிறந்து பிறந்து செத்தன. ஒரு பெண் மட்டும் தங்கியது. அவளை விலக்கி, குளிர் அடிக்கும் வீடுகளில் கொண்டுபோய் வைத்தான் ராஜா. கடைசியில் பெற்ற மகளைக்கூடப் பார்க்க விடவில்லை. நான்தான் ராணி என்று சொல்லிக்கொண்டே செத்தாள். இரண்டாம் ராணிக்குப் பையன்தான் பிறப்பான் என்று குதிரை விளையாட்டெல்லாம் ஏற்பாடு செய்திருந்தார்கள். பெண் பிறந்ததும் நிறுத்திவிட்டார்கள். பிறகு அவள் மேல் பழி சுமத்தித் தலையை வெட்டினார்கள். இதைச் சொன்ன அன்று சின்னம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பாப்பா பிறந்த அன்று ஆஸ்பத்திரி வாசலுக்கு மேளக்காரரை வரச்சொல்லி வைத்திருந்தார் பெரியம்மா. நர்ஸ் வந்து சொன்னதும், வாசிக்காமலே அவர்களைத் திருப்பி அனுப்பியவன் நான்தான். வெற்றிலை பாக்கு மட்டும் கொடுக்கச் சொன்னார்கள்.

பாப்பாவுக்கு அந்த ராஜாமேல் கோபம்.

"ஏம்மா, அந்த ராஜாவுக்கு வேற வேலையே இல்லையா?"

"அதான்டி அவனுக்கு வேலை."

"டிரைவர் மாமா, உங்களுக்கு எத்தினி ராணி?"

"ஒண்ணுதான் பாப்பா. அதுக்கே பயந்துக்கினு இருக்கேன்."

சின்னம்மா சிரித்துவிட்டார். அந்த வீட்டில் அவர் சிரித்தது அநேகமாகக் காரில்தான்.

பாப்பாவுக்குப் பிறகு இரண்டு முறை வயிற்றில் தங்கிக் கலைந்தது. இரண்டாம் முறை ரத்தம் நிற்கவில்லை. நான்தான் ஓட்டினேன். ரயில்வே கேட் மூடியிருந்தது. ரயில் போய் முடியும்வரை பின்னால் சத்தமே இல்லை. அந்தச் சத்தமில்லாததுதான் பயமாக இருந்தது. பிழைத்துவிட்டார். மூன்றாம் நாள், வெந்நீர் ஃப்ளாஸ்க்கை எடுத்துக்கொண்டு டாக்டரம்மா அறை வாசலில் நான் நின்றபோது கதவு சாத்தியிருக்கவில்லை. உள்ளே முதலாளி மட்டும் இருந்தார். டாக்டரம்மா சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"இதோட போதும். இன்னொரு தடவை கரு நின்னா பெரிய உயிரைக் காப்பாத்த முடியாது. வீட்டுல எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க. முக்கியமா அவங்ககிட்ட."

"நான் சொல்லிக்கிறேன்" என்றார் முதலாளி.

அவர் சொல்லிவிடுவார் என்று நானும் நம்பினேன். புருஷன் பெண்டாட்டி சமாசாரத்தில் டிரைவர் நுழைய முடியாது.

ஒரு வருஷம் போயிற்று. வீட்டில் பேச்சு மாறிற்று. முதலாளிக்கு ஆரணியில் ஒரு பெண் இருப்பதாகப் பெரியம்மா சொந்தக்காரர்களிடம் போனில் பேசினார். அவரும் முதலாளியும் வக்கீலைப் பார்த்துவிட்டு வந்தார்கள். இரண்டு பேரும் சம்மதித்து விலகிக்கொள்கிறோம் என்று எழுதிக் கொடுத்தால் போதுமாம். கடைசியாக ஒரு வழி பார்த்துவிடலாம் என்று பெரியம்மாவே முடிவு செய்தார். திருப்புட்குழிக்குப் போவது.

எங்கள் முதலாளி வீடு விபூதி வீடு. பிள்ளை என்று வந்தால் பெரியம்மாவுக்கு நாமமும் விபூதியும் ஒன்றுதான். பெங்களூர் ரோட்டில் கொஞ்ச தூரம் போனால் திருப்புட்குழி. பெருமாள் கோயில். பிள்ளை வேண்டுகிற பெண்கள் அங்கே தாயாரிடம் போவார்கள். பச்சைப் பயறை வறுத்து, நனைத்து, ஈரத்துணியில் முடிந்து வயிற்றில் கட்டிக்கொண்டு படுப்பார்கள். காலையில் அவிழ்த்துப் பார்க்க வேண்டும். வறுத்த பயறு முளைத்திருந்தால் அந்த வயிற்றில் பிள்ளை தங்கும் என்று நம்பிக்கை. பெரியம்மாவும் அந்தக் காலத்தில் கட்டிக்கொண்டு படுத்தவர்தான். முளைத்ததாம். அடுத்த வருஷம் முதலாளி பிறந்தார்.

பாப்பாவை முதலாளியின் அக்கா வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினோம். காரில் ஏறும்போதே பெரியம்மா சொல்லிவிட்டார். "முளைச்சுதுன்னா ஒரு வருஷம் பொறுத்துக்கிறேன். பெத்துக் குடு. முளைக்கலன்னா, நீ ஒண்ணும் பேசக்கூடாது. வக்கீல் வீட்டுக்கு வந்து கையெழுத்துப் போட்டுடணும்."

"சரிங்க அத்தை" என்றார் சின்னம்மா.

முதலாளி என் பக்கத்தில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

கோயிலுக்கு முன்னால் குளம் இருக்கிறது. சாயங்காலம் பெரியம்மாவும் முதலாளியும் பயறு வறுக்கக் கொடுக்க உள்ளே போனார்கள். சின்னம்மா குளத்துப் படியில் உட்கார்ந்திருந்தார். மாற்றுப் புடவை இருந்த பையைக் கொடுக்கப் போனேன். தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எப்படியாவது முளைக்கணும்ண்ணா. பாப்பாவை விட்டுட்டு என்னால போக முடியாது."

அப்போதுதான் தெரிந்தது, அவரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை என்று. சொன்னால் வேலை போகும். வீட்டில் இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். பையைக் கீழே வைத்தேன்.

"சின்னம்மா, முளைக்க வேணாம்னு வேண்டிக்கோங்க."

திரும்பிப் பார்த்தார். டாக்டரம்மா சொன்னதை அப்படியே சொன்னேன். கூட்டவில்லை, குறைக்கவில்லை. அவர் அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. என் போனைக் கேட்டு வாங்கி ஆஸ்பத்திரிக்குப் பேசினார். டாக்டரம்மா வருவதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. இவர் இரண்டு வார்த்தை கேட்டார். அதற்கப்புறம் ஊம் கொட்டிக்கொண்டிருந்தார். போனை முந்தானையில் துடைத்து என்னிடம் கொடுத்தார்.

"நெசந்தான்ண்ணா. அவங்களும் அதான் சொல்றாங்க. ஒரு வருஷமா எனக்குத் தெரியும்னு நினைச்சிக்கினு இருந்தாங்களாம்."

"வீட்டுக்குப் போயிடலாம் சின்னம்மா. இப்பவே வண்டிய எடுக்கறேன்."

"எந்த வீட்டுக்கு?" என்றார். "முளைக்கலன்னா தொரத்துவாங்க. முளைச்சுதுன்னா சாவணும். மூணாவது ராணி ஞாபகம் இருக்குதா? பையனைப் பெத்துட்டா. ஊரெல்லாம் மணி அடிச்சாங்க. பன்னெண்டே நாள்தான், போயிட்டா. அவனுக்குப் புடிச்ச ராணி அவதான்னு எழுதி வச்சிருக்காங்க" என்றார். உள்ளேயிருந்து பெரியம்மா கூப்பிட்டார். சின்னம்மா எழுந்தார். "கட்டிக்கிறேன். காலையில எது வந்தாலும் நான் பேசிக்கிறேன். நீங்க எதுவும் சொன்னதா இருக்க வேணாம்."

பக்கத்தில் தெரிந்தவர் வீட்டில் படுத்தார்கள். நான் காரில் படுத்தேன். தூங்கினேன் என்று சொல்ல முடியாது. விடிந்ததும் தாயார் சன்னதிக்குப் போனார்கள். நான் தூணோரம் நின்றேன். இவர்களுக்கு முன்னால், ஆற்காடு பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் முடிச்சை அவிழ்த்தாள். பார்த்தாள். மறுபடி முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் வெளியே போனாள். அவள் புருஷன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான். பிறகு சின்னம்மா. முடிச்சு ஈரத்தில் இறுகிக் கிடந்தது. பெரியம்மா பொறுக்காமல் தானே வாங்கி அவிழ்த்தார்.

முளைத்திருந்தது. எல்லாம் இல்லை. அங்கங்கே வெள்ளை வெள்ளையாக மூக்கு நீட்டியிருந்தது.

பெரியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். "நல்லா வறுத்ததுதான்பா. நானே பக்கத்துல நின்னு பாத்துக்கினு இருந்தேன்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். முதலாளி கும்பிட்டார். சின்னம்மா துணியைத் திரும்ப வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வந்து காரில் உட்கார்ந்தார்.

மெயின் ரோட்டுக்கு வரும்வரை பெரியம்மா பேசிக்கொண்டே வந்தார். வருகிற தைக்குள் நீ குளிக்காமல் இருக்க வேண்டும், மாடிப்படி ஏறக்கூடாது, பப்பாளி தொடக்கூடாது என்று. சின்னம்மா நடுவில் புகுந்தார்.

"அத்தை, புள்ள பொறக்கும். நான் இருக்கமாட்டேன்."

"என்னடி பேச்சு இது, கோயிலுக்குப் போயிட்டு வந்து?"

"டாக்டர் சொல்லி இருக்காங்க. என்கிட்ட இல்ல. உங்க புள்ளகிட்ட. இங்க முளைச்சவரு முன்னாடிதான் உக்காந்துக்கினு இருக்காரு. கேளுங்க."

நான் கண்ணாடியைப் பார்க்கவில்லை. ரோட்டையே பார்த்தேன். முன்னால் செங்கல் லாரி போய்க்கொண்டிருந்தது. முந்துவதற்கு இடம் இருந்தது. முந்தவில்லை.

"என்னடா சொல்றா இவ?" என்றார் பெரியம்மா.

முதலாளி என்னைப் பார்த்தார். "ஏசியைக் கொஞ்சம் கொறைப்பா" என்றார்.

நான் குறைத்தேன்.

"டேய், உன்னைத்தான் கேக்கறேன். சொன்னாங்களா இல்லையா?"

"அந்த டாக்டர் அப்படித்தாம்மா. எல்லாரையும் பயமுறுத்துவாங்க."

"சொன்னாங்களா?"

"சொன்னாங்க."

"எப்போ?"

"போன ஆடியில."

"ஒரு வருஷமா வாயில என்னத்தை வச்சிக்கினு இருந்த?"

கழுத்தில் வேர்த்திருந்தது முதலாளிக்கு. "உனக்கு யாரு சொன்னது?" என்றார் பின்பக்கம் திரும்பாமல். என் கால் பிரேக்கின் மேல் இருந்தது. "டாக்டரைத்தான் கேட்டேன். போன்ல" என்றார் சின்னம்மா. என் பேர் வரவில்லை.

அந்த இங்கிலீஷ் ராஜா கத்தி, கோடாலி வைத்துச் செய்ததை எங்கள் முதலாளி வாயைத் திறக்காமலே செய்யப் பார்த்தார். இன்றைக்கும் எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. கெட்டவர் இல்லை. தீபாவளிக்கு எனக்குத் துணி எடுத்துக் கொடுக்க மறந்ததே இல்லை.

"வண்டிய நிறுத்துப்பா" என்றார் பெரியம்மா. ஓரம் கட்டினேன். சின்னம்மாவின் மடியில் இருந்த துணியை எடுத்துக்கொண்டு பெரியம்மா இறங்கினார். ரோட்டோரம் தண்ணீர் தேங்கின பள்ளம். துணியை அதில் உதறினார். ஒட்டிக்கொண்டிருந்த பயறையும் விரலால் சுரண்டிப் போட்டார். தன் பிள்ளை பிறந்த கோயில் பயறு அது. அவர் கை கொஞ்சம் தயங்கியதைப் பார்த்தேன். துணியையும் அங்கேயே எறிந்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"முளைக்கல. யாரு கேட்டாலும் முளைக்கல. உனக்குந்தான்பா சொல்றேன்" என்றார் என் முதுகைப் பார்த்து.

சின்னம்மா அவர் கையைப் பிடித்தார். "அத்தை."

"கையெல்லாம் புடிக்காத. உன்னைக் கொன்னுட்டு எனக்குப் பேரன் வேணாம். நீ பொழைச்சிக்கோ." மூச்சு வாங்கினார். "ஆனா பேரன் வேணும்."

நான் வண்டியை எடுத்தேன். ஒரே வாயால் ஒருவரைக் காப்பாற்றவும் செய்தார், வீட்டை விட்டு அனுப்பவும் செய்தார். இரண்டையும் மனசாரத்தான் சொன்னார். ஊர் எல்லை வந்தபோது சின்னம்மா கேட்டார்.

"கையெழுத்துப் போடறேன். பாப்பா என்கூட வரணும். அது ஒண்ணுதான்."

"பொட்டைப் புள்ளதானே. கூட்டிக்கினு போ" என்றார் பெரியம்மா.

எனக்குக் கோபம் வந்தது. சின்னம்மாவைக் கண்ணாடியில் பார்த்தேன். அவர் கண்ணை மூடியிருந்தார். முகம் தளர்ந்திருந்தது. முதல் ராணி கடைசிவரை கேட்டுக் கிடைக்காதது இவருக்குக் கிடைத்துவிட்டது. பெண் குழந்தை என்று அந்த வீட்டில் யாரும் மதிக்காததால் கிடைத்தது. வாசலில் அவர்கள் இறங்கிப்போன பிறகுதான் அந்த ஈரத் திட்டைப் பார்த்தேன்.

சாமான்களை ஓரிக்கைக்குக் கொண்டுபோனதும் நான்தான். பாலாற்றங்கரைப் பக்கம் சின்ன வீடு. அதைக் கொடுத்தது முதலாளி. கொடுக்க வைத்தது பெரியம்மா. போகும்போது பாப்பா, "நாலாவது ராணி என்னம்மா ஆனா?" என்று கேட்டது. "ராஜாவுக்கு அவளைப் புடிக்கல. விலகிக்கோன்னான். சரின்னுட்டா. வீடு, காசெல்லாம் வாங்கிக்கினு தனியா இருந்தா. மத்த அஞ்சு ராணியும் போனதுக்கப்புறமும் இருந்தா" என்றார் சின்னம்மா. "அப்ப அவதான் ஜெயிச்சாளா?" என்றது பாப்பா. "இருந்தா" என்றார் மறுபடியும். அவ்வளவுதான் சொன்னார். இப்போது அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்துகிறார். பாப்பா ஆறாம் வகுப்பு.

ஆரணியிலிருந்து புது அம்மா வந்தார். சின்ன வயசு. என்னிடம் கூசிக் கூசிப் பேசுவார். இப்போது ஐந்தாம் மாசம். போன மாதம் ஒருநாள் கடைத்தெருவுக்கு என்று ஏறி, பாதி வழியில், "அண்ணா, அவங்க வீடு உங்களுக்குத் தெரியும்தானே?" என்றார். எவங்க என்று நான் கேட்கவில்லை. ஓரிக்கைக்குத் திருப்பினேன்.

சின்னம்மா கதவைத் திறந்தார். முதலில் வயிற்றைப் பார்த்தார். சட்டென்று கண்ணை எடுத்து முகத்தைப் பார்த்தார். எல்லோரும் தன்னை அப்படிப் பார்த்தது ஞாபகம் வந்திருக்கும். உள்ளே வரச்சொன்னார். புது அம்மா வரவில்லை. வாசல் படியிலேயே நின்றார். கேட்க வந்ததைக் கேட்கவும் தெரியவில்லை. சின்னம்மாதான் கேட்டார்.

"செக்கப்புக்கு யாருமா வர்றாங்க உன்கூட?"

"அவருதாங்கக்கா."

"டாக்டர் ரூமுக்குள்ள?"

"பாத்து முடிச்சதும் என்னை வெளியே உக்காரச் சொல்லுவாரு. அவரு பேசிட்டு வருவாரு."

"என்ன சொன்னாங்கன்னு உன்கிட்ட சொல்றாரா?"

"ஒண்ணுமில்ல, நல்லா இருக்குதுன்னு சொல்லுவாரு."

சின்னம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "இனிமே நீ உள்ள இரு. அவரு வெளிய உக்காரட்டும். எதா இருந்தாலும் டாக்டரை நீயே கேளு. அவரைக் கேக்காத."

"அத்தை திட்டுவாங்கக்கா."

"திட்டுவாங்க. கேட்டுக்கோ. அவங்க திட்டுவாங்களே தவிர, சாவ விடமாட்டாங்க."

அடுத்த செக்கப் நேற்று. பெஞ்சில் முதலாளியும் புது அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். நான் மருந்துச் சீட்டு வாங்க நின்றேன். பரிசோதனை முடிந்து, டாக்டரிடம் பேச வரச்சொல்லி நர்ஸ் இரண்டாம் முறை பேரைக் கூப்பிட்டாள். முதலாளி வழக்கம்போல் எழுந்தார். புது அம்மா அவருக்கு முன்னால் எழுந்துவிட்டார். "நீங்க உக்காருங்க" என்றார். குரல் மெதுவாகத்தான் இருந்தது, பெஞ்சில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். முதலாளி நின்றபடியே கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். உள்ளே என்ன பேசினார்கள் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. தெரிய வேண்டியவர் உள்ளே இருந்தார்.